கார்ட்டூனுக்குமா பயம்?

ஒரு பிள்ளை இருட்டுக்குப் பயந்தால் விளக்கைப் போடுகிறோம். நாய்க்குப் பயந்தால் தூக்கி வைத்துக்கொள்கிறோம். ஊசிக்குப் பயந்தால் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறோம். அதே பிள்ளை ஒரு சிறுவர் நிகழ்ச்சியின் பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது. "கார்ட்டூனுக்குமா பயம்? சின்னப் பிள்ளைகள் பார்க்கிறதுதானே!" என்று கேட்கிறோம்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். என் சாச்சியின் மகன், வயது 6. 'டோராவின் பயணங்கள்' ஓடத் தொடங்கினால் அவனுக்கு உடம்பு நடுங்கும், வியர்க்கும். சில வேளைகளில் வாந்தியும் எடுப்பான். பெருநாளைக்குப் போகிற வீடெல்லாம் பிள்ளைகளுக்காகத் தொலைக்காட்சியைப் போட்டு வைத்திருப்பதால் கடந்த இரண்டு பெருநாட்களும் சாச்சி எந்த வீட்டுக்கும் போகவில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று ஒருவர் சொல்கிறார். "ஃபோனைக் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி" என்கிறார் இன்னொருவர். "எதையோ கண்டு பயந்திருக்கிறான், ஓதிப் பார்க்க வேண்டும்" என்கிறார் மூன்றாமவர். இந்த மூன்று பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பது பிள்ளையின் உம்மா. ஆகவே இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதைத் தேடி வாசித்து, விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஓட்டிசம் என்பது என்ன?

மதியிறுக்கம் என்றும் தமிழில் சொல்லப்படும் ஓட்டிசம் தொற்றும் நோயன்று. அது பிறப்பிலிருந்தே மூளை வளரும் விதத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு பேசுவதும் பழகுவதும் இப்பிள்ளைகளுக்கு வேறுவிதமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். எல்லாம் அதே இடத்தில் அதே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று விரும்புவார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் ஓயாமல் பேசுவார்கள், சிலர் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள்.

இது அபூர்வமான ஒன்று என்று நினைக்க வேண்டாம். பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் இலங்கையின் ஒரு புறநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்தக் கணக்கின்படி பார்த்தால், சில நூறு மாணவர்கள் படிக்கும் ஒரு பாடசாலையில் இரண்டு மூன்று பேராவது இருக்கக்கூடும்.

பயத்தைப் பற்றிய செய்தியும் ஓட்டிசத்தின் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1943 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டிய முதல் கட்டுரைகளுள் அது ஒன்று. அந்தப் பிள்ளைகள் தூசி உறிஞ்சும் இயந்திரம், மின்தூக்கி, குழாயில் ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, ஏன், காற்றின் சத்தத்துக்குக் கூடப் பயந்ததை அவர் குறித்திருக்கிறார். அன்று அவர்களுடைய வீடுகளில் தொலைக்காட்சி இருந்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2013 இல், சூசன் மேயஸ் என்பவரும் அவரது குழுவினரும் ஓட்டிசம் உள்ள 1,033 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். அவர்களில் 421 பேருக்கு, அதாவது 41 சதவீதமானோருக்கு, வழக்கத்துக்கு மாறான பயங்கள் இருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்ட பயங்கள் 92 வகை. ஆகவே கார்ட்டூனுக்குப் பயப்படும் பிள்ளை உலகத்தில் தனியாக இல்லை. அவனுடைய உம்மாவும் தனியாக இல்லை.

பயம் எங்கே ஒளிந்திருக்கிறது?

நாம் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது கதையைப் பார்க்கிறோம். கதையில் பயப்பட ஒன்றுமில்லை என்பதால் நிகழ்ச்சியிலும் ஒன்றுமில்லை என்று முடிவு செய்கிறோம். ஓட்டிசம் உள்ள பிள்ளை பல வேளைகளில் கதைக்கு முன்னால் அதன் சிறு துண்டுகளைப் பார்க்கிறது. ஒரு சத்தம், ஒரு கண், ஒரு நிறம், ஒரு நொடி அமைதி. பயம் இருப்பது அந்தத் துண்டில். அது எந்தத் துண்டு என்று கண்டுபிடிப்பதே பெரியவர்களின் முதல் வேலை.

முதலாவது, சத்தம். நம் காதுக்குச் சாதாரணமாக இருக்கும் ஒலி இவர்களில் பலருக்கு வலியாகவே இருக்கும். ஓட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின், சிறு வயதில் பாடசாலை மணி அடித்தபோது பல் வைத்தியரின் துளையிடும் கருவி நரம்பில் பட்டதுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேட்டிலும், புலன்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருப்பது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கார்ட்டூன்களில் கீச்சுக் குரல், திடீர் மேளச் சத்தம், வெடிச் சிரிப்பு எல்லாம் அடிக்கடி வரும். எங்கள் ஒழுங்கைகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவைக் கேட்டுக் காதைப் பொத்தும் பிள்ளை, அதே மாதிரியான கூர்மையான இசை வரும் நிகழ்ச்சிக்கும் பயப்பட்டால் அதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, முகம். 1997 இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'டெலிடபீஸ்' நிகழ்ச்சியில் சூரியனுக்குள் ஒரு குழந்தையின் முகம் இருந்து சிரிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஆனால் சூரியன் என்றால் சூரியன், முகம் என்றால் முகம் என்று உலகத்தைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முகம் இருப்பது பெரிய குழப்பம். முகம் திடீரென்று பெரிதாவதும், கண் பிதுங்குவதும், ஓர் உருவம் இன்னோர் உருவமாக மாறுவதும் இப்படித்தான்.

மூன்றாவது, நேரான பார்வை. டோரா நிகழ்ச்சியில் அந்தச் சிறுமி திரைக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். பிறகு பதிலுக்காகச் சில நொடிகள் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பாள். பார்க்கும் பிள்ளைகள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே பாரமான விடயம். அந்தச் சில நொடிகளில் நடப்பது கதை என்பதும் அவர்களுக்கு விளங்காமல் போகலாம். ஒருத்தி நம்மைப் பார்க்கிறாள், ஏதோ கேட்டுவிட்டாள், பதில் வராமல் அசையமாட்டாள் என்றே தோன்றும்.

நான்காவது, அடுத்தது என்ன என்று தெரியாமை. ஓட்டிசம் உள்ளவர்களின் பதற்றத்துக்கு நிச்சயமின்மை ஒரு பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நரி எப்போது பாய்ந்து வரும், பாத்திரம் எப்போது விழுந்து அழும் என்று தெரியாத ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கும் நிமிடம்தான். இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 'தோமஸ்' என்ற நீல நிற ரயில் எஞ்சின் கதையை ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் விரும்பிப் பார்ப்பதாகப் பிரித்தானியாவில் கண்டிருக்கிறார்கள். பழைய தோமஸ் படங்களில் எஞ்சின்களின் முகம் மெதுவாகத்தான் மாறும். மகிழ்ச்சி என்றால் மகிழ்ச்சி, கோபம் என்றால் கோபம் என்று தெளிவாகத் தெரியும். எஞ்சின் தண்டவாளத்தில்தான் ஓடும், எங்கு போகும் என்று முன்பே தெரியும். இந்த விருப்பத்தை வைத்தே 2006 இல் பேராசிரியர் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் முகமுள்ள வாகனங்களைக் கொண்டு, உணர்ச்சிகளைக் கற்பிக்கும் ஒரு கார்ட்டூன் தொடரை உருவாக்கினார்கள். பிள்ளையைப் பயமுறுத்துவது எது என்பதை இந்த விருப்பமும் நமக்குக் காட்டித் தருகிறது.

ஐந்தாவது, ஞாபகம். இப்பிள்ளைகள் பலருக்கு நுணுக்கமான நினைவாற்றல் உண்டு. ஒரு நாள் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து அடிபட்டிருக்கலாம். திடீரென்று மின்சாரம் போயிருக்கலாம். காய்ச்சலோடு படுத்திருந்திருக்கலாம். நாம் அதை மறந்துவிடுவோம். பிள்ளைக்கோ பாட்டும் வலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

அடம் அல்ல

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு தேவை இருக்கும். அது கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். நாம் பார்க்கிறோமா என்று இடையிடையே பார்த்தும் கொள்ளும். பயத்தில் இருக்கும் பிள்ளை யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்காது. நெஞ்சு அடிக்கும், கை குளிரும், தொலைக்காட்சியை நிறுத்திய பிறகும் நீண்ட நேரம் அமைதியடையாது. அந்த நேரத்தில் ஏசினாலும் அடித்தாலும் பிள்ளைக்குப் புத்தி வராது. அதன் பயங்களோடு நாமும் ஒரு பயமாகச் சேர்ந்துவிடுவோம்.

சில பிள்ளைகள் தங்களைப் பயமுறுத்தும் நிகழ்ச்சியைத் தாங்களே போடச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "பார்த்தீர்களா, நடிப்புத்தான்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். வலிக்கும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்காதவர் யார்? பயம் இன்னும் அங்கே இருக்கிறதா, தன்னால் தாங்க முடிகிறதா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறது. அது நல்ல அடையாளமும்கூட.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த இடத்தில் பயம் தொடங்கியது, அப்போது திரையில் என்ன இருந்தது, என்ன சத்தம் கேட்டது, பிள்ளைக்குப் பசியா, தூக்கமா என்று ஒரு வாரம் எழுதுங்கள். சாச்சி அப்படித்தான் எழுதினார். நாங்கள் எல்லோரும் முகமூடி போட்ட நரிக்குத்தான் பயம் என்று பேசிக்கொண்டிருந்தோம். கொப்பியில் வேறொன்று தெரிந்தது. நரி வரும்போது பிள்ளை சும்மா இருந்தான். டோரா கேள்வி கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு முறையும்தான் நடுக்கம் தொடங்கியது. பிறகு ஒரு நாள் அவனே சொன்னான், "அவ என்னைப் பாக்கிறா" என்று.

இரண்டாவது, கட்டாயப்படுத்தி உட்கார வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் எதையும் கற்றுக்கொள்ளாது. மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க விடவும் வேண்டாம். "பயமாக இருக்கிறதா? நிறுத்துகிறேன்" என்ற இரண்டு சொற்கள் போதும்.

மூன்றாவது, ரிமோட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பயமுறுத்தும் சத்தத்தைப் பிள்ளை தானே போடவும் நிறுத்தவும் முடிந்தால் அதைத் தாங்குவது இலகுவாகும் என்று டெம்பிள் கிராண்டின் சொல்கிறார். சாச்சியின் மகன் இப்போது டோரா கேள்வி கேட்கப்போகும் நேரத்தில் தானே நிறுத்திவிடுவான். அதற்காக அவனுக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வாந்தி எடுப்பது நின்றிருக்கிறது. எங்களுக்கு அதுவே பெரிய விடயம்.

நான்காவது, முன்கூட்டியே சொல்லுங்கள். பேசாத பிள்ளைக்குப் படம் வரைந்து காட்டுங்கள். "முதலில் பாட்டு, பிறகு கதை, பிறகு தொலைக்காட்சி ஓஃப்" என்று மூன்று படங்கள் போதும். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990 களின் தொடக்கத்தில் இதற்கென்றே சிறிய சமூகக் கதைகளை எழுதும் முறையை உருவாக்கினார். பிள்ளைக்கு நடக்கப்போவதைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து எளிய வசனங்களில் சொல்வதுதான் அந்த முறை.

ஐந்தாவது, அந்த நிகழ்ச்சியைத் தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும், படிப்படியாகப் பழக்கலாம். சத்தமில்லாமல் ஒரு நிலைப்படம், பிறகு தொலைபேசியின் சிறு திரையில் சில நொடிகள், பிறகு மெல்லிய சத்தம். ஒவ்வொரு படியிலும் பிள்ளை நிதானமாக இருக்கும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது. இதை ஒரு வைத்தியரின் அல்லது சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு செய்வது நல்லது. வெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்றால் விட்டுவிடுங்கள். டோரா பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர்.

வீட்டுக்கு வெளியே இது கடினம் என்பது எனக்குத் தெரியும். புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அடிக்கடி பயணம் செய்யும் குடும்பங்கள் எங்களில் பல. தூரப் பயண பஸ்களில் முன்னால் திரை ஒன்று ஓடும், பின்னால் ஒலிபெருக்கி அலறும். அப்படியான பயணங்களுக்குக் காதை மூடும் கவசம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். திரைக்குத் தூரமான ஆசனத்தைக் கேட்டு வாங்கலாம். நடத்துநரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வைத்தியரிடம் எப்போது?

பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், வெளியே போக முடியாமல் செய்தால், வைத்தியரிடம் போக வேண்டும். காதில் வருத்தம் இருந்தாலும் பிள்ளை சத்தத்துக்கு அழும், அதையும் பார்க்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம். 1997 டிசம்பர் 16 ஆம் திகதி ஜப்பானில் 'போக்கிமொன்' கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கு வலிப்பு வந்திருந்தது. ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே மின்னும் காட்சிகளைப் பார்த்ததும் பிள்ளை வெறித்துப் பார்த்தால், கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தால், கை கால் இழுத்தால், அதைப் பயம் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போகலாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வழிகாட்டுவார்கள். ஓதிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓதட்டும். துஆ ஒரு கதவு, மருந்து இன்னொரு கதவு. ஒன்றைத் திறப்பதற்காக மற்றதைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

உம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை

ஃபோன் கொடுத்ததால் ஓட்டிசம் வந்தது என்று சொல்வது தவறு. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சியிலும் மரபணுக்களிலும்தான் அதன் வேர் இருக்கிறது. திரை நேரத்தைக் குறைப்பது வேறு விடயம், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த அறிவுரையை ஓர் உம்மாவைக் குற்றவாளியாக்கும் சாட்சியாக எடுக்கக்கூடாது. இரவு முழுவதும் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பவருக்கு நம் தீர்ப்பு தேவையில்லை. ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்தால் அது பெரிய உதவி.

தொலைக்காட்சி கெட்டது என்று சொல்லவும் நான் வரவில்லை. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் 2017 ஏப்ரல் முதல் ஜூலியா என்ற ஓட்டிசம் உள்ள பொம்மைச் சிறுமி வருகிறாள். அவள் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றிய பகுதியிலேயே சைரன் சத்தம் கேட்டுப் பதறுவாள். சுற்றியிருக்கும் நண்பர்கள் சிரிக்கமாட்டார்கள். அவள் சிறிது நேரம் அமைதியான இடத்துக்குப் போய்வர விடுவார்கள், பிறகு சேர்ந்து விளையாடுவார்கள். அந்த நண்பர்கள் செய்தது எங்களாலும் செய்யக்கூடியதுதான்.

தொழுகையில் நிற்கும்போது ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் மனம் தவிக்குமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக நாம் படித்திருக்கிறோம். அந்த அழுகைக்கு நியாயம் இருக்கிறதா என்று அவர்கள் முதலில் விசாரிக்கவில்லை.

சகோதரிகளே, வரும் பெருநாளில் உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு பிள்ளை வரக்கூடும். வருவதற்கு முன் அதன் உம்மாவுக்கு ஓர் அழைப்பு எடுத்து, "புள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது?" என்று கேளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்தி வையுங்கள். வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளை தானாக உள்ளே வரும்வரை பொறுத்திருங்கள்.